வெப்பச் சூழலில் மிதிவண்டிப் பந்தய வீரர்: உடலியக்கமும் செயல்திறனும்

ஆய்வுச்சுருக்கம்

மிதிவண்டிப் பந்தயம் பல மணி நேரம் திறந்த வெளியில் நிகழும் விளையாட்டு. பந்தய வீரரின் உடலில் எழும் வெப்பத்தின் அளவு, அது வெளியேறும் வழிகள், வெளியேறாதபோது இதயம், தசை, நரம்பு மண்டலம் ஆகியவற்றில் தோன்றும் மாற்றங்கள், செயல்திறன் இழப்பு, வெப்ப இணக்கம், வெப்பத்தாக்கு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. உலக அளவிலான ஆய்வு முடிவுகள் விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர், சோழபுரம் வட்டாரச் சூழலோடு பொருத்திப் பார்க்கப்படுகின்றன. தொழில்முறை வீரரைக் காக்க வகுக்கப்பட்ட நெறிகள் தமிழகத்தின் பள்ளி மாணவர் மிதிவண்டிப் போட்டிகளுக்கும் தேவை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மிதிவண்டிப் பந்தயம், உள்ளுடல் வெப்பநிலை, வியர்வை, ஈரக்குமிழ் வெப்பநிலை, வெப்ப இணக்கம், வெப்பத்தாக்கு, அண்ணா மிதிவண்டிப் போட்டி

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு வெப்பத்தை நிலத்தோடும் பொழுதோடும் இணைத்தே கண்டது. பாலைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் தொல்காப்பியம் வகுத்துள்ளது. வெம்மை மிக்க பொழுதில் வழிச்செல்வோரின் உடல் படும் துன்பம் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் பேசப்படும் பொருளாகும். இன்றைய உடலியங்கியல் அதே துன்பத்தை அளவுகளாலும் காரணங்களாலும் விளக்குகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரம் தென்மேற்குப் பருவமழையின் மழைமறைவுப் பகுதியாகும். கோடையில் மட்டுமன்றிச் செப்டம்பர் மாதத்திலும் 35° செல்சியசைத் தாண்டும் பகல்கள் தென்மாவட்டங்களில் அரியன அல்ல. சோழபுரம் போன்ற ஊர்களில் பள்ளிக்கும் வயலுக்கும் ஆலைக்கும் மிதிவண்டியில் செல்வது வாழ்வின் இயல்பு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் உழைக்கும் உடலைப் பற்றிய அறிவு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று என்பதை அவ்வறிவிப்பு உணர்த்துகிறது. அவ்வறிவைப் பெறுவதற்கு மிகத் துல்லியமாக அளவிடப்பட்ட உடல் மிதிவண்டிப் பந்தய வீரருடையதே. மிதிக்கும் ஆற்றலை வாட்டு அலகில் நொடிதோறும் பதியும் கருவி வண்டியிலேயே பொருத்தப்படுவதால், வெப்பம் விளைவிக்கும் இழப்பை எண்ணால் கூற முடிகிறது.

உடலில் வெப்பம் பிறத்தல்

தசை முழுத்திறனுடைய பொறியன்று. உணவிலிருந்து பெறும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காடு வரையே மிதிகட்டையைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாகிறது. 300 வாட்டு ஆற்றலோடு வண்டியை மிதிக்கும் வீரரின் தசைத்திறன் 22 விழுக்காடு எனக் கொண்டால், அவர் உடல் செலவிடும் மொத்த ஆற்றல் ஏறத்தாழ 1,360 வாட்டு. வெப்பமாக மாறுவது ஏறத்தாழ 1,060 வாட்டு. வீட்டில் பயன்படும் ஒரு சிறு மின்னடுப்பின் வெப்பத்திற்கு இது நிகராகும்.

இவ்வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை எனக் கொள்வோமாயின் நிகழக்கூடியதையும் கணக்கிடலாம். 70 கிலோகிராம் எடையுள்ள உடலின் வெப்பநிலை 1° உயர ஏறத்தாழ 245 கிலோஜூல் வெப்பம் போதும். மேற்கண்ட வீரர் அதனை நான்கு நிமிடங்களுக்குள் உண்டாக்கிவிடுவார். 37° அளவில் தொடங்கிய உடல் கால் மணி நேரத்தில் 41° அளவை எட்டிவிடும். ஐந்து மணி நேரப் பந்தயத்தை அவர் முடிக்க முடிவதற்கு, பிறந்த வெப்பம் பிறந்தவாறே வெளியேறிக்கொண்டிருப்பதே காரணம். ஆகவே வெப்பச் சூழலின் தீங்கு என்பது, வெளியிலிருந்து வெப்பம் புகுவதைக் காட்டிலும் உள்ளே பிறந்த வெப்பம் வெளியேறும் வழி அடைபடுவதிலேயே பெரிதும் அடங்கியுள்ளது.

வெப்பம் வெளியேறும் வழிகள்

உடலின் மேற்பரப்பிலிருந்து வெப்பம் காற்றோட்டத்தாலும் கதிர்வீச்சாலும் வியர்வை ஆவியாதலாலும் நீங்குகிறது. உழைக்கும் உடலின் தோல் வெப்பநிலை பொதுவாக 33° முதல் 35° வரை இருக்கும். காற்றின் வெப்பநிலை இதனினும் குறைவாயின் எதிர்வரும் காற்று உடலைக் குளிர்விக்கும். மிகுந்தால் அதே காற்று உடலுக்கு வெப்பத்தை ஊட்டும். 38° வெயிலில் வண்டி ஓட்டுபவர் முகத்தில் அனல் வீசுவதாக உணர்வது இதனால்தான். அந்நிலையில் எஞ்சும் ஒரே வழி வியர்வை ஆவியாதலாகும்.

ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் நீங்கும். 1,060 வாட்டு வெப்பத்தை ஆவியாதலால் மட்டுமே நீக்க மணிக்கு 1.5 லிட்டருக்குச் சற்று மிகுதியான வியர்வை ஆவியாக வேண்டும். இங்கு ‘சுரத்தல்’ வேறு, ‘ஆவியாதல்’ வேறு. சொட்டி விழும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் இழக்கச் செய்யுமேயன்றி உடலைக் குளிர்விக்காது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர நகரங்களில் வியர்வை சொட்டுவது மிகுதி, ஆவியாவது குறைவு.

மிதிவண்டிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வீரர் தமக்குரிய காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். அக்காற்று வியர்வையை விரைந்து ஆவியாக்குகிறது. ஆனால் மலைச்சாலையில் அதே 300 வாட்டு ஆற்றலைச் செலுத்தினாலும் வேகம் மணிக்கு 17 அல்லது 18 கிலோமீட்டராகக் குறையும். பிறக்கும் வெப்பம் மாறுவதில்லை. காற்று மட்டும் பாதிக்கும் கீழே குறைகிறது. ஏற்றங்களில் வீரர் தளர்வதற்கு ஈர்ப்பு விசையோடு இதுவும் ஒரு காரணமாகும்.

இதயமும் குருதியும்

உள்ளுடல் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டு சேர்ப்பது குருதி. வெயிலில் உழைக்கும்போது தசை தன் உயிர்வளித் தேவைக்காகக் குருதியைக் கேட்கிறது. தோல் குளிர்ச்சிக்காக அதே குருதியைக் கேட்கிறது. வியர்வையால் நீர் குறையக் குறையக் குருதியின் கொள்ளளவும் சுருங்குகிறது. ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் குருதியின் அளவு குறைய, அதை ஈடுசெய்ய இதயத்துடிப்பு விரைகிறது. மிதிக்கும் ஆற்றல் மாறாதிருந்தும் நேரம் செல்லச்செல்ல இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே செல்வது இதனாலாகும். இதயம் தன் உச்ச வேகத்தை நெருங்கியபின் இவ்வாறு ஈடுசெய்ய இயலாது. அப்போது தசைக்குச் செல்லும் குருதி குறைகிறது. உயர்ந்த அளவு உயிர்வளி நுகர்வும் குறைகிறது. தசையில் சேமித்த மாச்சத்து விரைந்து தீர்கிறது.

நரம்பு மண்டலத்தின் பங்கும் குறிப்பிடத்தக்கது. கொன்சாலெசு-அலோன்சோவும் உடன் ஆய்வாளரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஏழு மிதிவண்டி வீரர்கள் 40° வெப்ப அறையில் களைப்புறும் வரை மிதித்தனர். தொடக்கத்தில் அவர்களின் உள்ளுடல் வெப்பநிலை ஏறத்தாழ 36°, 37°, 38° என மூன்று நிலைகளில் அமைக்கப்பட்டது. முறையே 63, 46, 28 நிமிடங்களில் அவர்கள் நிறுத்தினர். நேரம் வேறுபட்டாலும் நிறுத்தியபோது உள்ளுடல் வெப்பநிலை மூன்று நிலைகளிலும் 40° அளவிலேயே இருந்தது. உயர்ந்த உள்ளுடல் வெப்பநிலையே களைப்புக்குக் காரணமாகலாம் என்பதும், குளிர்ந்த உடலோடு தொடங்குவோர் நெடுநேரம் தாக்குப்பிடிப்பர் என்பதும் இதனால் புலனாயின. பந்தயத்திற்கு முன் பனிக்கட்டி மேலங்கி அணிவதும் பனிக்குழம்பு பருகுவதும் இவ்வடிப்படையில் எழுந்த வழக்கங்களே.

செயல்திறன் இழப்பு: ஆய்வுகள் காட்டுவன

காலோவே, மாகன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. எட்டு ஆடவர் ஒரே அளவு கடுமையோடு நிலைவண்டியைக் களைப்புறும் வரை மிதித்தனர். 4° குளிரில் சராசரியாக 81 நிமிடங்களும், 11° அளவில் 93 நிமிடங்களும், 21° அளவில் 81 நிமிடங்களும், 31° அளவில் 51 நிமிடங்களும் அவர்களால் மிதிக்க முடிந்தது. தமிழகத்தில் இதமானதாகக் கருதப்படும் 31° வெப்பமே, மிக உகந்த நிலையோடு ஒப்பிடத் தாக்குப்பிடிக்கும் நேரத்தைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டது.

உயர்நிலை வீரர்களிடமும் இழப்பு உண்டு. 2000ஆம் ஆண்டில் டாட்டர்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 30 நிமிடத் தனிநேர ஓட்டத்தில் வீரர்களின் சராசரி ஆற்றல் 23° அளவோடு ஒப்பிட 32° அளவில் 6.5 விழுக்காடு குறைந்தது. சில நொடிகளே வெற்றியைத் தீர்மானிக்கும் விளையாட்டில் இது பேரிழப்பாகும்.

ஆய்வறைக்கு வெளியே நடந்த அளவீடுகள் மேலும் தெளிவு தருகின்றன. 2016 அக்டோபரில் கத்தாரின் தோகா நகரில் உலகச் சாலை மிதிவண்டிப் போட்டிகள் நடைபெற்றன. அங்கு 40 வீரர்கள் விழுங்கிய வெப்பமானி மாத்திரைகள் வழியாக அவர்களின் உள்ளுடல் வெப்பநிலை பதியப்பட்டது. 85 விழுக்காட்டினர் 39° அளவைத் தாண்டினர். நான்கில் ஒருவர் 40° அளவைத் தாண்டினார். பதிவான மிக உயர்ந்த அளவு 41.5°. மருத்துவ நூல்கள் ஆபத்தென வரையறுக்கும் வெப்பநிலையில் தொழில்முறை வீரர்கள் பந்தயம் ஓட்டுகின்றனர் என்பது இதனால் உறுதியாயிற்று.

வெப்பநிலைமானி காட்டாத வெப்பம்

செய்திகளில் வரும் வெப்பநிலை நிழலில் அளக்கப்பட்ட காற்றின் வெப்பநிலையாகும். அது ஈரத்தையும் வெயிலின் கதிரையும் காட்டாது. இக்குறையை நீக்க விளையாட்டுத் துறையும் தொழிலக நலத்துறையும் ஈரக்குமிழ்க் கோளக வெப்பநிலை என்னும் கூட்டளவைப் பயன்படுத்துகின்றன. ஈரத்துணி சுற்றிய வெப்பநிலைமானியின் அளவில் 70 விழுக்காடும், வெயிலில் வைத்த கருங்கோளத்தின் அளவில் 20 விழுக்காடும், காற்றின் வெப்பநிலையில் 10 விழுக்காடும் சேர்த்து இது கணிக்கப்படுகிறது.

ஒரு கணக்கீட்டால் இதன் பயனை உணரலாம். உள்நாட்டு வறள்வெளியில் காற்று 38° அளவிலும் ஈரப்பதம் 25 விழுக்காட்டிலும் உள்ளதெனக் கொள்வோம். ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 23° ஆகும். கடலோரத்தில் காற்று 33° அளவிலும் ஈரப்பதம் 70 விழுக்காட்டிலும் உள்ளதெனக் கொள்வோம்; ஈரக்குமிழ் அளவு 28° அளவைத் தாண்டும். இரு இடத்திலும் கருங்கோளம் காற்றைவிட 10° மிகுந்து காட்டுமாயின், கூட்டளவு உள்நாட்டில் 29.5° எனவும் கடலோரத்தில் ஏறத்தாழ 32° எனவும் அமையும். வெப்பநிலைமானியில் 5° குறைவாகக் காட்டிய கடலோரமே உழைக்கும் உடலுக்குக் கொடியது. வறள்வெளியிலோ வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடுவதால், தாம் இழக்கும் நீரின் அளவை ஓட்டுபவர் உணர்வதில்லை. இரண்டும் வெவ்வேறு வகை ஆபத்துகள்.

உலக மிதிவண்டி ஒன்றியம் அண்மையில் வகுத்த உயர்வெப்ப நெறிமுறை இக்கூட்டளவையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. 28° அளவும் அதற்கு மேலும் மிகுந்த ஆபத்துடைய செந்நிலையாகக் கொள்ளப்படுகின்றன. அந்நிலையில் தொடங்கும் நேரத்தை மாற்றுவது, தொலைவைக் குறைப்பது, பந்தயத்தையே நிறுத்துவது ஆகியன குறித்து அமைப்பாளர், மருத்துவர், வீரர் தரப்பினர் கலந்து முடிவெடுக்க வேண்டும். மேற்கண்ட கணக்கின் இரு சூழல்களும் இச்செந்நிலைக்குள் அடங்குவன என்பது கருதத்தக்கது. தமிழகத்தில் உப்பளத் தொழிலாளரிடையே இக்கூட்டளவைக் கொண்டு ஆய்வுகள் நிகழ்த்தப்பட்டுள்ளன. எனவே இவ்வளவீடு இம்மண்ணுக்குப் புதியதன்று. விளையாட்டுத் திடலுக்கு அது இன்னும் வந்து சேர வேண்டும்.

உயிரிழப்புகள் தந்த பாடம்

1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில், ஆகஸ்டு 26 அன்று, கடும் வெயிலில் நடந்த 100 கிலோமீட்டர் குழுப் பந்தயத்தில் டென்மார்க்கின் நுட் எனமார்க் ஜென்சன் மயங்கி விழுந்து இறந்தார். அவர் இறப்புக்கு ஊக்கப்பொருளே காரணமென நெடுங்காலம் பேசப்பட்டது. வெப்பத்தாக்கின் பங்கு பின்னரே வலியுறுத்தப்பட்டது. 1967 ஜூலை 13 அன்று பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் வான்டூ மலையேற்றத்தின்போது பிரித்தானிய வீரர் டாம் சிம்சன் இறந்தார். அவர் உடலில் ஆம்பெட்டமைனும் மதுவும் காணப்பட்டன. வெயில், நீரிழப்பு, காற்றோட்டம் குறைந்த மலையேற்றம், களைப்புணர்வை மறைக்கும் மருந்து ஆகிய நான்கும் ஒருங்கே சேர்ந்த நிகழ்வு அது. களைப்பு என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதனை மருந்தாலோ மன உறுதியாலோ அடக்குவது, வெப்பத்தில் உயிருக்கு உலையாகும்.

உள்ளுடல் வெப்பநிலை 40° அளவைத் தாண்டுவதோடு தடுமாற்றம், பிதற்றல், நினைவிழத்தல் போன்ற நரம்பு மண்டலக் குறிகளும் சேர்ந்தால் அது உழைப்புவழி வெப்பத்தாக்காகும். வியர்வை நின்றுவிடும் என்னும் பரவலான கருத்து இதற்குப் பொருந்தாது. வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இத்தாக்கு நேரலாம். பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் உடலை அமிழ்த்துவதே சிறந்த முதலுதவி. அரைமணி நேரத்திற்குள் வெப்பநிலையைத் தணித்துவிட்டால் உயிர்பிழைக்கும் வாய்ப்பு மிக உயர்வு. ஆகவே முதலில் குளிர்விக்க வேண்டும். பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஊர்தி தேடிக் காலம் கழிப்பதே பல இறப்புகளுக்குக் காரணமாகிறது.

வெப்ப இணக்கமும் நீர்மேலாண்மையும்

உடல் வெப்பத்திற்குப் பழகும் ஆற்றலுடையது. குளிர்நாட்டு வீரர் ஒன்பதின்மரைக் கத்தாருக்கு அழைத்துச் சென்று நடத்தி, 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 43.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் அவர்களின் சராசரி ஆற்றல் குளிர்ச்சூழலோடு ஒப்பிட முதலில் 16 விழுக்காடு குறைந்தது. ஒரு வாரத்திற்குள் இழப்பு 8 விழுக்காடாயிற்று. இரு வாரங்களில் ஏறத்தாழ முழுவதும் மீண்டது. முதல் ஓட்டத்தில் அவர்கள் குளிர்ச்சூழலில் தொடங்கிய அதே வேகத்தோடு தொடங்கிப் பின்னர் சரிந்தனர் என்பதும் அறியத்தக்கது. தம் உடலின் எல்லையை அறிந்து வேகத்தைப் பகிர்ந்துகொள்வதும் இணக்கத்தின் ஒரு கூறாகும்.

இணக்கத்தின் முதல் சில நாள்களில் குருதிநீர் பெருகுகிறது, இதயத்துடிப்பு தணிகிறது. 10 முதல் 14 நாள்களில் வியர்வை விரைந்தும் மிகுந்தும் சுரக்கிறது. அதில் உப்பின் செறிவு குறைகிறது. பயிற்சியைக் கைவிட்டால் இம்மாற்றங்கள் சில வாரங்களில் மறையும். வெப்ப நாட்டில் பிறந்தவருக்கு இது தானே வாய்த்துவிடும் எனக் கொள்ளலாகாது. விடியற்காலைக் குளிர்ச்சியில் மட்டும் பயின்றவர் முற்பகல் வெயிலில் போட்டியிடும்போது, அவர் தென்மாவட்டத்தவரேயாயினும் அவ்வுழைப்புக்கு முழு இணக்கம் பெற்றவராகார்.

நீர் பருகுவதிலும் அளவு வேண்டும். உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நீரிழப்பு வெயிலில் நெடுநேர ஓட்டத்தைப் பாதிக்கும் என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. மாறாக, இழந்ததைவிட மிகுதியாக வெறும் நீரைப் பருகினால் குருதியில் சோடியம் குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்த்துத் தம் வியர்வை அளவை அறிவதே எளிய வழி. வியர்வையில் இழக்கப்படும் தாதுக்களுள் தலையாயது சோடியம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே நெடுநேர வியர்வைக்கு அது மட்டும் ஈடாகாது. உப்பிட்ட நீர்மோரும், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறும் இவ்வகையில் பொருத்தமானவை. நம் வீடுகளில் கோடையில் மோருக்கு உப்பிடும் பழக்கம் உடலியங்கியல் அடிப்படை உடையதே.

தமிழக மாணவர் போட்டிகளும் தேவைப்படும் நெறிகளும்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்க்கு மிதிவண்டிப் போட்டிகளை நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள் உண்டு. மாணவிகளுக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் வரையும் மாணவர்களுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வரையும் தொலைவு அமைகிறது. 15 கிலோமீட்டர் என்பது திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் வரையுள்ள தொலைவைவிடச் சற்று மிகுதி.

தொழில்முறை வீரரோடு ஒப்பிட இத்தொலைவு சிறிது. ஆனால் சில வேறுபாடுகள் கருதத்தக்கன. முதலாவது, இப்போட்டிகளில் இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டிகளே ஏற்கப்படுகின்றன. எடை மிகுந்த வண்டியில் நிமிர்ந்து அமர்ந்து ஓட்டும் மாணவருக்கு, அதே உழைப்புக்குக் கிடைக்கும் வேகமும் காற்றும் குறைவு. இரண்டாவது, சிறுவரின் உடல் எடைக்குத் தோற்பரப்பு மிகுதி. வியர்வைச் சுரப்பு பெரியவரைவிடக் குறைவு. காற்று தோலைவிட வெப்பமானால் அவர்கள் உடல் விரைந்து சூடேறும். மூன்றாவது, குறுகிய ஓட்டத்தில் உழைப்பின் கடுமை மிகுதி. கடுமை மிக்க உழைப்பில் கால் மணி நேரமே போதும் என்பதை மேற்கண்ட கணக்கு காட்டியது. நான்காவது, தொழில்முறை வீரருடன் மருத்துவரும் பனிக்கட்டியும் நீரும் உடன் செல்லும் வண்டிகள் உள்ளன. மாணவருக்குத் துணை ஆசிரியரும் பெற்றோருமே.

எனவே நெறிகள் எளியனவாகவும் செலவு குறைந்தனவாகவும் இருத்தல் வேண்டும். போட்டியைக் காலை 7 மணிக்கு முன் தொடங்குதல். தொடக்க நிகழ்ச்சிகளுக்காக மாணவரை வெயிலில் நிறுத்தாதிருத்தல். கையடக்க ஈரக்குமிழ்க் கோளக வெப்பநிலைமானி ஒன்றை மாவட்டந்தோறும் வைத்தல். அளவு 28° அளவைத் தாண்டினால் தொலைவைக் குறைத்தல் அல்லது நாளை மாற்றுதல். முடிவிடத்தில் பனிக்கட்டியும் நீர்த்தொட்டியும் வைத்தல். போட்டிக்கு முந்தைய இரு வாரங்களில் படிப்படியாக வெயில் பயிற்சி அளித்தல் ஆகியன அவை. இவற்றுள் எதுவும் தாலுகா அளவிலுள்ள பள்ளியொன்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

முடிவுரை

உழைக்கும் தசை தன் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாக்குகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் அது வெளியேறும் வழி அடைபடுவதால் இதயம் தளர்கிறது, ஆற்றல் குறைகிறது, உயிரும் ஊசலாடுகிறது. தொழில்முறை வீரரிடம் நிகழ்த்திய ஆய்வுகள் இழப்பின் அளவையும் மீட்கும் வழியையும் காட்டியுள்ளன. வெப்ப இணக்கம், முன்குளிர்ச்சி, அளவறிந்த நீர், கூட்டளவு வெப்பநிலைக் கண்காணிப்பு, உடனடிக் குளிர்விப்பு ஆகியன அவ்வழிகள். ஜென்சன், சிம்சன் ஆகியோரின் இறப்புக்குப் பின் இவ்வறிவு விதிகளாக மாறப் பல பத்தாண்டுகள் சென்றன. வெப்ப அலையைப் பேரிடரென அறிவித்துவிட்ட தமிழகத்தில் அத்தகைய காத்திருப்புக்கு இடமில்லை. உலகப் பந்தயச் சாலையில் அளந்து பெற்ற அறிவு, சோழபுரத்துப் பள்ளி மாணவரின் மிதிவண்டி வரை வந்து சேரும்போதே அதன் பயன் முழுமை பெறும்.